வெயிலில் சோதித்த தோல் கோட்டு

சீனாவுக்குப் போய் வந்ததைப் பற்றிச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், பாம்புக் கறியைப் பற்றிச் சொல்லித் தப்பித்துவிடுவேன். அங்கே பாம்பை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு அது போதும். முகத்தைச் சுளித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். உண்மையில் அந்தப் பயணம் எனக்கு ஒரு கோட்டைப் பற்றியது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை வருடம் பாம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நான் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் என்ஜினியராக இருந்தேன். குடியிருப்பு அரியலூரில். எங்கள் சூளையைத் தாங்கிச் சுழலும் பெரிய இரும்பு வளையம் ஒன்றை வட சீனாவில் ஒரு தொழிற்சாலையில் வார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலேற்றும் முன் போய்ப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு நான். பார்ப்பதற்கு ஃபிட்டர் சூசைமாணிக்கம். வரதராஜன்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரும்பைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வயதில் மூத்தவர் என்றாலும் நான் 'சூசை' என்றுதான் கூப்பிடுவேன். ஆலையில் அது வழக்கம்.

உத்தரவு வந்தது புரட்டாசியில். போவது தை மாதம். அங்கே அப்போது மைனஸ் இருபது டிகிரி இருக்கும், ஆளுக்கு ஒரு நல்ல தோல் கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அரியலூரில் ஒரு ஜவுளிக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஒரு குரங்குக் குல்லாவை எடுத்துப் போட்டார். "குளுருக்குன்னு இதுக்கு மேல நம்ம ஊர்ல ஒண்ணும் விக்காதுங்க சார்," என்றார். நியாயம்தான். எனக்குத் தெரிந்த பெரிய குளிர், மார்கழி விடியலில் அரியலூர் ரயில் நிலையத்தில் நிற்பது. அதற்கே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஜாதி நாங்கள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெட்டி, பெல்ட் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். அவருடைய மச்சான் வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்தார். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கில் மிச்சம் விழுவது அவர் கைக்கு வரும். சொல்லி வைத்த பத்தாம் நாள் இரண்டு கோட்டு வந்திருப்பதாகச் சேதி வந்தது. சனிக்கிழமை நானும் சூசையும் போனோம். வெயிலில் பஸ் ஸ்டாண்டு தார் காலைப் பிடித்தது.

பாய் இரண்டையும் மேசைமேல் விரித்தார். ஒன்று கருப்பு. பளபளவென்று, இடுப்பில் பிடித்து, ஏழெட்டு ஜிப்போடு இருந்தது. இன்னொன்று பழுப்பு. தொளதொளவென்று முழங்கால்வரை தொங்கியது. உள்ளே முழுக்க ஆட்டு ரோமம். வாடை கடை வாசல்வரை வந்தது.

"சார், கருப்பு ஷோக்குக்கு. போட்டோ புடிச்சா நல்லாருக்கும். குளுருக்குன்னா இதுதான்," என்று பழுப்பைத் தட்டினார் பாய். "காலரத் தூக்கி விட்டா காது ரெண்டும் உள்ள போயிடும். மச்சான்கிட்ட இதே மாரி ரெண்டு கேட்டேன். நம்ம நசீபு, ஒண்ணுதான் கெடச்சுது. யாருக்குன்னு நீங்களே பேசிக்குங்க."

"சார் எது எடுத்தாலும் சரி பாய். மிச்சத்த நான் போட்டுக்கறேன்," என்றார் சூசை. சொல்லிவிட்டு வாசலில் போய் நின்று பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டையும் வீட்டில் காட்டிவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லி நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்துக் கடையில் ஆளுக்கு இரண்டு பரோட்டா. கையைக் கழுவிய பிறகும் ஆட்டு வாடை போகவில்லை. அரியலூர் பஸ்ஸில் பை என் மடியில். பாதி வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. அரைமணி நேரம் காற்றில்லாமல் வெயிலில் நின்றோம். வாடை பஸ் முழுக்கப் பரவியது. "யாருப்பா ஆட்டுத்தோல் ஏத்துனது? லக்கேஜு போடணும்," என்று கண்டக்டர் முன்னிருந்து கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் மட்டும் தாழ்ந்த குரலில், "நல்லாக் காயவெச்சு எடுத்தாரக் கூடாதா தம்பி," என்றார். சூசை பையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எங்களுதுதாங்க, போடுங்க டிக்கெட்டு," என்றார்.

மறுநாள் ஞாயிறு. பரிசோதனைப் பிரிவில் இருப்பவனுக்கு எதையும் சோதிக்காமல் நம்ப முடியாது. ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு தெர்மாமீட்டர் கொண்டுவந்து வைத்திருந்தேன். மொட்டைமாடிக் கொடியில் இரண்டு கோட்டையும் மாட்டி, மூடி, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். உச்சி வெயில். அரைமணி கழித்துப் பார்த்தால் கருப்புக்குள் சூடு ஏறிக் கிடந்தது. பழுப்பில் அதில் பாதிகூட ஏறவில்லை. சந்தேகம் தீர நானே இரண்டையும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு மாடியில் பத்துப் பத்து நிமிடம் நின்றேன். கருப்பில் தலை சுற்றியது. பழுப்பில் சமாளிக்க முடிந்தது. ஆக, கருப்புதான் சூடான கோட்டு. பாய் ஏமாற்று வியாபாரம் பண்ணப் பார்த்திருக்கிறார்.

கருப்பு நிறம் வெயிலை இழுக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். வெளிச்சூட்டை உள்ளே விடாத ரோமம் உள்சூட்டையும் வெளியே விடாது என்பது கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் புரியும். ஆனால் வெயிலைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஊரில் குளிர்க் கோட்டை வெயிலில்தானே வைத்துப் பார்க்கத் தோன்றும். பி.இ. படித்த எனக்கும் அதுதான் தோன்றியது.

என் மனைவி வசந்தி குடையைப் பிடித்துக்கொண்டு எனக்காக நேரம் பார்த்தாள். "அப்ப கருப்புதான் நல்லதுங்கறீங்க. கூட வர்றவருகிட்டயும் சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. திங்கட்கிழமை பழுப்புக் கோட்டைச் சூசையிடம் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதான் சூசை. கருப்பு எனக்கு அளவா இருக்கு," என்றேன். "சரிங்க சார்," என்று வாங்கிக்கொண்டார். என் கணக்குத் தப்பு என்பது பிறகு தெரிந்தது. தப்போ சரியோ, நல்லது என்று நான் நினைத்ததை எனக்கு எடுத்துக்கொண்டு, மட்டம் என்று நினைத்ததை அவருக்குத் தள்ளினேன். இது வசந்திக்கு மட்டும் தெரியும். இப்போது எழுதிவிட்டேன்.

விமானத்தில் அவர் கோட்டை மேலே பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன், வாடைக்காக. இறங்கியதும் என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கருப்புக் கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அவரை நான் எடுக்கவில்லை.

முதல் நாள் எங்கும் சூடாகவே இருந்தது. விமான நிலையத்தில் சூடு, காரில் சூடு, தங்கும் விடுதியில் பனியனோடு உட்காரலாம். வாசலுக்கு வாசல் மெத்தை கனத்தில் திரை தொங்குகிறது. குளிர் என்கிறார்களே, இவ்வளவுதானா என்று நினைத்தேன். மொழிபெயர்ப்புக்கு வந்த லின் என்ற பெண் இரவு எங்களைச் சாப்பிட அழைத்துப் போனாள். ஆவி பறக்கத் தட்டுத் தட்டாக வந்தது. சூசை ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நம்ம கொழுக்கட்டதான் சார். உள்ள பூரணத்துக்குப் பதிலா கறிய வெச்சுட்டானுவ," என்றார். இருபது தின்றார். நான் ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியைச் சாதத்தில் போட்டுப் பிசைந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் விருந்தாளிக்குப் பானைத் தண்ணீர் மொண்டு கொடுப்பதைப் போல அங்கே வெந்நீர். அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு கிழவர் எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று லின்னைக் கேட்டேன். "பழுப்புக் கோட்டுப் போட்டவர் இந்த ஊர்க் குளிரை அறிந்தவர் போலிருக்கிறது என்கிறார்," என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாம் நாள் காலை தொழிற்சாலை வேன் எங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. தொழிற்சாலைக்கு ஒரு மைல் இருக்கும்போது இருமிவிட்டு நின்றுபோனது. டீசல் உறைந்துவிட்டது என்றாள் லின். டீசல் உறையும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஹீட்டரும் நின்றுவிட்டது. உட்கார்ந்திருந்தால் ஆபத்து, நடந்துவிடலாம் என்று இறங்கினோம்.

மைனஸ் இருபத்திரண்டு. ஐம்பதடி நடப்பதற்குள் என் கோட்டு அப்பளமாக விறைத்துவிட்டது. கையை மடக்கினால் முறிந்துவிடும் போலிருந்தது. ஜிப்புகளின் இரும்பு பட்ட இடமெல்லாம் சுட்டது. மூச்சு உள்ளே போகும்போது மார்பு வலித்தது; கண்ணில் வந்த நீர் இமையிலேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சூசை காலரைத் தூக்கிவிட்டு, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்துவந்தார்.

பாதி வழியில் நின்றேன். "சூசைண்ணே," என்றேன். அதுவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "கொஞ்ச நேரம் மாத்திக்கலாமாண்ணே? ஃபேக்டரி கேட்டு வரைக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உடனே கழற்றிவிட்டார். "போட்டுக்கங்க சார். சூளைக்கிட்ட நின்னு வெந்த ஒடம்பு, எனக்கு ஒண்ணும் ஆவாது." அந்தக் குளிரில் ஒரு நிமிடம் வெறும் ஸ்வெட்டரோடு நின்று, என் பொத்தானை அவரே போட்டுவிட்டார். என் விரல் வேலை செய்யவில்லை. கோட்டின் உள்ளே அவர் உடம்புச் சூடு இருந்தது. அந்த வாடை எனக்கு இப்போது வாடையாகவே தெரியவில்லை.

கேட்டு வந்தது. நான் கழற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

வளையம் மிகப் பெரியது. கூரைக்குள் அடங்காது என்று திறந்த வெளியில் கிடத்தியிருந்தார்கள். சூசை சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்று, மறுபடி தட்டினார். "இங்க சத்தம் செத்துருக்கு சார்," என்றார். அங்கே விரிசல் இருக்கலாம் என்பதால் மூன்று நாள் கூடுதலாகச் சோதிக்க வேண்டியதாயிற்று. சோதனை முழுக்க வெளியில். அளப்பதும் தட்டுவதும் தேய்ப்பதும் அவர். காகிதம் சரிபார்ப்பது நான், அலுவலக அறையில், வெந்நீர்க் குடுவையோடு.

மூன்றாம் நாள் காலை அவர் சாப்பிட வருவதற்கு முன்பே பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான். நான்காம் நாளும் அப்படியே. காய்ச்சல் வரும் போலிருக்கிறது என்று சும்மா சொல்லி வைத்தேன். "ஒடம்பப் பாத்துக்குங்க சார்," என்றார். அறை ஜன்னலில் பனி படிந்திருந்தது. விரலால் ஒரு வட்டம் துடைத்தால் வெளியே அவர் தெரிவார்: எனக்கு அளவான கருப்புக் கோட்டு இடுப்புக்கு மேலேயே நிற்க, தலையில் ஹெல்மெட்டோடு குனிந்து அளந்துகொண்டிருப்பார். ஹெல்மெட் இல்லாமல் அங்கே விடமாட்டார்கள். ஹெல்மெட் போட்டால் குல்லாய் போட முடியாது. கருப்புக் கோட்டின் காலர் இரண்டு விரல் உயரம். வட்டத்தில் மறுபடி பனி படிந்ததும் நான் காகிதத்துக்குத் திரும்பிவிடுவேன்.

தொழிலாளர்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். லின்னைக் கேட்டேன். அவள் சற்றுத் தயங்கி, "கோட்டு உங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறதாம்," என்றாள். அவர்கள் முகத்தில் அந்தப் பேச்சு இல்லை.

அன்று மதியம் கேட்டு வாட்ச்மேன், பஞ்சு திணித்த தன் பச்சைக் கோட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சூசையின் தோளில் போட்டார். முன்பின் தெரியாத மனிதர். ஆனால் அதற்குள் நேரமாகிவிட்டது. சூசையின் இடது காது மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தது. சாயங்காலம் வீங்கி, கொப்புளம் கட்டியது. தொழிற்சாலை டாக்டர் மருந்து தடவிவிட்டு, இந்த ஆளை யார் இப்படி வெளியே அனுப்பியது என்று கேட்டாராம். இதை லின் அப்படியே மொழிபெயர்த்தாள். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போதாவது கோட்டைத் திருப்பிக் கொடுத்தேனா என்றால், இல்லை. பச்சைக் கோட்டுதான் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளம்பும் நாளில் அவர் அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, காதில் கட்டோடு கருப்புக் கோட்டில் வந்து காரில் ஏறினார். விமானத்தில் என் பக்கத்திலிருந்து வந்த ஆட்டு வாடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சத்தம் செத்த இடத்தில் விரிசல் இருந்தது உறுதியாகிச் சரி செய்தார்கள். ஆலையில் எனக்குப் பாராட்டு. சூசையின் காதோரம் கருத்து, காய்ந்து, ஒரு பட்டாணி அளவு உதிர்ந்துபோனது. ஃபிட்டர்கள் அவரை எலி கடித்தவர் என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவர் ஒரு பை முந்திரியை என் மேசைமேல் வைத்தார். "வூட்டுல குடுத்தாங்க சார். ஞாயித்துக்கெழம நீங்க சாப்புட வரணுமாம்." ஏன் என்று கேட்கவில்லை. போனேன்.

வரதராஜன்பேட்டையில் அவர் வீட்டில் எனக்கு மட்டும் தலைவாழை இலை போட்டிருந்தது. கோழிக் குழம்பு. இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்து ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள், கருப்புக் கோட்டு தொங்கியது. சூசையின் மனைவி லூர்துமேரி பரிமாறிக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் சொன்னாருங்க சார். வண்டி நின்னுபோயி, அந்தக் குளுர்ல நீங்க உங்க கோட்டக் கழட்டி இவருக்குக் குடுத்தீங்களாமே. இல்லாட்டி காதோட போயிருக்காதாம், ஆளே போயிருப்பாராம். உங்கள நெனச்சு நான் பூசை வெச்சேங்க சார்."

சூசை தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் குத்த அவர் அப்படிச் சொல்லவில்லை. காது எப்படிப் போனது என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். என்னைக் குறைவாகப் பேச மனமில்லாமல் கதையைத் திருப்பிப் போட்டிருக்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். இரண்டு வாய் சாப்பிடவும் செய்தேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"அப்படி இல்லைங்க," என்றேன். "நான் குடுக்கல. அவரோடத நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். ஃபேக்டரி கேட்டு வரைக்கும்னு சொல்லித்தான் வாங்குனேன். அப்பறம் திருப்பித் தரல. அவரு வெளியில வேல பாத்தாரு, நான் அதப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். இப்பவும் என் பீரோவுலதான் இருக்கு."

லூர்துமேரியின் கரண்டி நின்றது. கணவரைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. பிறகு அந்தக் கரண்டிக் குழம்பை என் இலையில் ஊற்றிவிட்டு, "சாப்புடுங்க சார்," என்றார். முழுவதையும் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோது கருப்புக் கோட்டு உறையோடு மடித்து நாற்காலியில் இருந்தது.

"இது உங்களுது. எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் லூர்துமேரி. "இவரோடத எப்பக் குடுப்பீங்க?"

"ஏ, சும்மா இரு. நமக்கு எதுக்கு அந்தக் கோட்டு," என்றார் சூசை.

"நான் சாரக் கேக்கறேன்."

"நாளைக்குக் குடுத்துடறேங்க," என்றேன். "காலையில வேலைக்கு வரும்போது அவருகிட்டயே…"

"அவருகிட்ட வேணாம். குடுத்தா சரிங்க சார்னு வாங்கிக்குவாரு. எங்கிட்ட வந்து குடுங்க."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பழுப்புக் கோட்டோடு பஸ் ஏறினேன். வரதராஜன்பேட்டையில் இறங்கி, வெயிலில் அதைக் கையில் சுமந்துகொண்டு தெரு முழுக்க நடந்தேன். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். சூசை வேலைக்குப் போயிருந்தார். லூர்துமேரி வெளியே வந்து, கோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "அரியலூர் பஸ்சு ரெண்டு மணிக்குத்தான் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.